ஜி.என்.எம். முடித்துவிட்டு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேரலாமா?

குடவாசல் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். ஜி.என்.எம். என்கிற மூன்று வருஷ நர்ஸிங் டிப்ளமா முடித்து நர்ஸிங் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டேன். இப்போது இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனை, ஐ.சி.யூ. இன்னொன்று கோயம்புத்தூர் பக்கம் ஒரு முதியோர் இல்லம். அங்கே 46 பேர் இருக்கிறார்கள், அதில் 11 பேர் படுத்த படுக்கை. தங்குமிடம், சாப்பாடு கொடுத்து மாதம் 17,000 என்கிறார்கள். ஐ.சி.யூ.வில் அதைவிட 3,000 குறைவு, ரூமும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மனசு முதியோர் இல்லத்தின் பக்கம்தான் போகிறது. எங்கள் அப்பாயி, அப்பாவின் அம்மா, கடைசி எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். அப்போது நான் முதல் வருஷம். லீவுக்கு வந்தபோது புரட்டிப் பார்த்தால் முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். வீட்டில் அத்தனை பேர் இருந்தும் யாருக்கும் தெரியவில்லை. அப்பாயியும் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பா என் இஷ்டம் என்று விட்டுவிட்டார். சித்திதான், "மூணு வருஷம் ஃபீஸ் கட்டிப் படிச்சது பீ மூத்திரம் அள்ளவா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கூடப் படித்தவர்களும் அங்கே போனால் நரம்பில் ஐ.வி. ஊசி போடக்கூட மறந்துவிடும், அனுபவச் சான்றிதழுக்கும் மதிப்பு இருக்காது என்கிறார்கள். இந்தத் துறையில் இருக்கும் அக்கா, அண்ணன்கள் சொல்லுங்கள்.

டெல்டா ஸ்டாஃப்:

ஐ.சி.யூ.தான் தங்கச்சி. முதியோர் வேலை மட்டம் என்று நான் சொல்லவில்லை. படிப்பு முடித்த கையோடு போகிற முதல் இடத்தில் பக்கத்தில் சீனியர்கள் இருக்க வேண்டும். தப்பு செய்யும் முன் கையைப் பிடித்து நிறுத்த ஒருவர் வேண்டும். இல்லத்தில் நைட் டூட்டியில் நீ ஒருத்திதான் நர்ஸ். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தாத்தாவுக்கு மூச்சு வாங்கினால் யாரைக் கேட்பாய்? இரண்டு வருஷம் ஐ.சி.யூ. பார்த்துவிட்டுப் போ, அதே தாத்தா பாட்டிகளுக்குத்தான் இன்னும் நன்றாக உதவும்.

வார்டு அக்கா:

19 வருஷமாக நர்ஸ் வேலை. 11 வருஷம் மருத்துவமனை வார்டு, கடைசி 8 வருஷம் முதியோர் இல்லம். டெல்டா ஸ்டாஃப் சொல்கிற தனிமை உண்மைதான், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சித்தியின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி.

பாப்பா, மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசிகிறது என்று படித்திருப்பாய். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதையும் படித்திருப்பாய். எந்தக் கறுப்பு எது என்று முதலில் பார்க்கிறவர் டயப்பர் மாற்றுகிறவர்தான். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார், அவர் கண்ணுக்கு அது படவே படாது. நாலு நாளாக வயிறு போகவில்லை என்று நோட்டில் குறித்து வைப்பதும், மூத்திரப் பையில் நிறம் மாறியதைக் கவனிப்பதும் நர்ஸிங்தான். படித்த கண்ணோடு அள்ளுவதற்கும் படிக்காமல் அள்ளுவதற்கும் நடுவில் ஒரு உயிர் இருக்கிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஓய்வு பெற்ற டீச்சர் அம்மா ஒருவர், 81 வயது, நல்ல ஞாபகசக்தி. ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்து, "மணி அடிச்சாச்சா? பிள்ளைங்க உள்ளே வந்தாச்சா?" என்றார். காய்ச்சல் இல்லை. பிரஷர், சுகர் எல்லாம் சரி. வயசாச்சு, மறதி ஆரம்பித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை. மறதி நோய் ஒரே ராத்திரியில் வராது. இரவு நோட்டை எடுத்துப் பார்த்தால், வழக்கமாக ஒரு முறை பாத்ரூம் போகிறவர் அன்று ஐந்து முறை போயிருந்தார். அட்டெண்டர் பெண் ஐந்தையும் நேரத்தோடு எழுதி வைத்திருந்தாள். யூரின் டெஸ்ட் அனுப்பினோம், கிருமித் தொற்று. மருந்து ஆரம்பித்து நாலாவது நாள், இன்னும் ஏன் நியூஸ் பேப்பர் வரவில்லை என்று அதட்டினார். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சலே இல்லாமல் திடீர்க் குழப்பமாக மட்டும் தெரியலாம். மருத்துவமனையில் இருந்த 11 வருஷத்தில் இதை நான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவில்லை. அங்கே மானிட்டர் கத்தும். இங்கே கத்த ஒன்றும் கிடையாது, நீதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று தண்ணீர். பல பேர் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். ராத்திரி எழுந்து போக பயம், விழுந்துவிடுவோமோ என்று. யாரையும் எழுப்பவும் கூச்சம். அதனால் தண்ணீர் குறையும், தொற்று வரும், தலை சுற்றும், கடைசியில் எதற்குப் பயந்தார்களோ அதுவே நடக்கும். "தண்ணி குடிங்க பாட்டி" என்று பத்து முறை சொல்வதைவிட, "ராத்திரி பெல் அடிங்க, நான் முழிச்சுத்தான் இருப்பேன்" என்று ஒரு முறை சொல்லி, பெல் அடித்ததும் உடனே போய் நின்றால் மறுநாள் தானாகக் குடிப்பார்கள்.

எழுந்தால் தலை சுற்றுகிறது என்பவருக்குப் படுத்தபடி ஒரு முறை, நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஒரு முறை பிரஷர் பார். மேல் அளவு 20 குறைந்தால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும், பெரும்பாலும் ஏதாவது மாத்திரையைக் குறைப்பார். இன்சுலின் போட்டபின் சாப்பாட்டு வண்டி தாமதமானால் சும்மா உட்காராதே. சுகர் 70-க்குக் கீழே போன வயதானவர் வியர்க்காமல், நடுங்காமல், சும்மா தூங்குகிற மாதிரியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் இது புதிதாக முளைத்த துறையும் இல்லை. சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 2024-ல் கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே 60 வயதைத் தாண்டியவர்கள் நாடு முழுக்க 8.6 சதவீதம் என்றால், தமிழ்நாட்டில் 10.4. வீட்டுக்கு வீடு ஒரு பாட்டி இருக்கிறார், பார்த்துக்கொள்ளப் படித்தவர்கள்தான் இல்லை.

மூணாவது மகன்:

நான் நர்ஸ் இல்லை. அப்பா பக்கவாதம் வந்து ஏழு மாதமாக வீட்டில் படுக்கையில் இருக்கிறார், பார்த்துக்கொள்ள ஒரு ஆயாம்மா வருகிறார். நல்ல மனுஷி. அப்பாவின் இடுப்பில் லேசாகச் சிவந்திருக்கிறது என்று ஸ்பிரிட் தொட்டு நன்றாகத் தேய்த்துவிட்டுப் பவுடர் போடுகிறார். கடையில் நடுவில் ஓட்டை வைத்த வட்டத் தலையணை ஒன்றும் வாங்கித் தந்திருக்கிறேன். குடவாசல் பொண்ணு சொன்ன அப்பாயி விஷயத்தைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. நாங்கள் செய்வது சரியா அக்கா?

வார்டு அக்கா:

தேய்ப்பதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள் தம்பி. சிவந்த இடத்தில் தோலுக்கு அடியில் ஏற்கெனவே சதை நசுங்கியிருக்கிறது, தேய்த்தால் இன்னும் கிழியும். ஸ்பிரிட் தோலைக் காய வைத்துவிடும். வட்டத் தலையணையும் வேண்டாம், ஓட்டையின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

சிவப்பை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால் படுக்கைப்புண்ணின் முதல் படி ஆரம்பித்துவிட்டது. இதிலும் ஒன்று. பாடப் புத்தகத்தில் சிவப்பு என்று போட்டிருக்கும், நம் ஊர் நிறத்துக்குச் சிவப்பு பல நேரம் தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள், அக்கம்பக்கத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும், கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருக்கும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால், கணுக்கால் எல்லாம் தினமும் பார்க்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புங்கள். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பில் பாரம் இறங்கும், அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை முட்டுக் கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தொங்க விடுங்கள். மேலே நகர்த்தும்போது இழுக்கக் கூடாது. விரிப்போடு சேர்த்து இரண்டு பேர் தூக்கி வைக்க வேண்டும், இழுப்பதாலும் புண் வரும். முட்டை, பருப்பு நன்றாகக் கொடுங்கள். காற்று மெத்தை வாங்கினாலும் திருப்புவதை விடாதீர்கள். தோல் உரிந்துவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மூணாவது மகன்:

நன்றி அக்கா. அழுத்திப் பார்த்தேன், வெளுத்துத் திரும்பியது. தலையணையைத் தூக்கிப் போட்டாயிற்று. ஆயாம்மாவிடமும் படித்துக் காட்டினேன். "இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரலையே தம்பி" என்றார்.

ஸ்கார்பரோ வாசி:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில், ரொறன்ரோவில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் 12 வருஷமாகப் பராமரிப்புப் பணியாளராக இருக்கிறேன். நர்ஸ் இல்லை, நர்ஸுக்குக் கீழே வேலை செய்கிற ஆள். மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேணும் என்று வந்தேன்.

மறதி நோய் வந்த ஆட்களுக்குப் பிறகு படித்த மொழிதான் பல நேரம் முதலில் போகும். முப்பது வருஷம் இங்கே ஆங்கிலத்தில் வேலை செய்த ஐயாமார் ஒரு நாள் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். எங்களிடம் ஒரு அம்மம்மா சாப்பாட்டைத் துப்பிக்கொண்டே இருந்தார், எடை இறங்கியது. சாப்பிட மறுக்கிறார் என்று பதிவில் எழுதிவிட்டார்கள். நான் கிட்டப் போய், "என்ன வேணும் அம்மம்மா?" என்று கேட்டால், "புட்டு" என்றார். புட்டு உதிரும், விழுங்கக் கஷ்டப்படும் ஆளுக்குப் புரையேறும், குடுக்கேலாது. பேச்சு, விழுங்கல் பார்க்கிற நிபுணரிடம் கேட்டு, இடியப்பத்தைத் தேங்காய்ப்பால் சொதியில் நல்லா ஊறவைத்து மசித்துக் குடுத்தோம். நிமிர்ந்து இருத்தி, சின்னக் கரண்டியால், விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து. ஒரு கிண்ணம் முடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஆற்ற பிள்ளை?" என்று கேட்டார், யாருடைய பிள்ளை என்று. எட்டு மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

இங்கேயும் ஆள் காணாதுதான். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2021-ல் வந்த சட்டம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 மணித்தியால நேரடிப் பராமரிப்பு என்று இலக்கு வைத்தது. இலக்கு வேறு, எங்களின் ஷிப்ட் வேறு. ஆனால் ஒரு எண் எழுத்தில் இருந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம்.

ஹனோவர் நர்ஸ்:

வெளிநாடு பற்றி யாராவது கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே முதியோர் பராமரிப்பு என்பதே முன்பு மூன்று வருஷத் தனிப் படிப்பு. 2020-லிருந்து மருத்துவமனை, குழந்தைகள், முதியோர் மூன்றையும் ஒரே பயிற்சியாகச் சேர்த்தார்கள். அதனால் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன் என்றால் இங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் சான்றிதழில் ஸ்டாஃப் நர்ஸ் என்று இருக்க வேண்டும். கேர்டேக்கர் என்று போட்டுக் கொடுத்தால் பிறகு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஜி.என்.எம்.மும் ஏற்பார்கள், ஆனால் நம் படிப்பை அவர்கள் படிப்போடு ஒப்பிட்டு அங்கீகாரம் தர வேண்டும், ஜெர்மன் மொழி பி2 என்கிற நிலை வரை வர வேண்டும். அதுவரை உதவியாளர் சம்பளம்தான். இன்னொன்று, குளிப்பாட்டுவது, துடைப்பது, பல் தேய்த்து விடுவது எல்லாம் இங்கே நர்ஸும் செய்கிற வேலை. அதெல்லாம் ஆயாம்மா வேலை என்று நினைத்து வந்த எங்கள் பேட்ச் ஆட்கள் முதல் மாதம் அழுதார்கள். முதியோர் இல்லத்தில் இருந்து வந்த ஒரு பெண் மட்டும் முதல் நாளே கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

ஏஜெண்டுகள் விஷயத்தில் கவனமாக இருங்கள். என்னோடு அறையில் இருந்தவர் விசாவுக்கு என்று நாலு லட்சம் கொடுத்து ஒன்றரை வருஷம் அலைந்தார். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜெண்டின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். பிரிட்டனுக்குக் கேர் ஒர்க்கர் விசா வாங்கித் தருகிறேன் என்று இப்போது யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை அந்த விசாவில் 2025 ஜூலை 22-லிருந்து நிறுத்திவிட்டார்கள். நர்ஸ் பதிவோடு போவது வேறு வழி.

டெல்டா ஸ்டாஃப்:

வார்டு அக்கா எழுதியதைப் படித்தேன். டீச்சர் அம்மாவைக் கண்டுபிடித்தது 11 வருஷம் வார்டு பார்த்த கண். குடவாசல் பொண்ணுக்கு அந்தக் கண் இன்னும் வரவில்லை, அதைத்தான் நான் சொல்ல வந்தேன். சேவை, புண்ணியம் என்று சொல்லி ஒரு பெண்ணின் தலையில் 46 பேரைக் கட்டிவிட்டு, ஏதாவது ஆகிவிட்டால் நர்ஸ் கவனிக்கவில்லை என்று வீட்டார் முன்னால் நிறுத்துகிற இல்லங்கள் இருக்கின்றன. என் தங்கைக்கே ஓர் இடத்தில் அப்படி நடந்தது. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டதால் வேலையை விடக்கூட முடியாமல் ஏழு மாதம் கிடந்தாள்.

போவதென்றால் கேட்டுவிட்டுப் போ. ராத்திரி எத்தனை பேர் டூட்டி, மூச்சுத் திணறினால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், வண்டி யாருடையது, டாக்டர் போனை எடுப்பாரா. மாத்திரையை நர்ஸ்தான் கொடுக்கிறாரா, இல்லை டப்பாவில் பிரித்து வைத்து அட்டெண்டர் கொடுக்கிறாரா. முதல் மாதம் உன்னோடு சீனியர் ஒருவர் நைட் பார்ப்பாரா. சர்டிபிகேட் ஜெராக்ஸ் மட்டும்தான் கொடுக்க வேண்டும், ஒரிஜினலைக் கையில் கொடுக்காதே.

வார்டு அக்கா:

டெல்டா சொல்வதில் ஒரு எழுத்துக்கூட நான் மாற்ற மாட்டேன். சீனியர் இல்லாத இடம் என்றால் போகாதே பாப்பா, ஐ.சி.யூ.வுக்கே போ. போகும் முன் ஒரு நாள் முழுக்க அந்த இல்லத்தில் உட்கார்ந்து பார். வரவேற்பறையைப் பார்க்காதே. மத்தியானம் இரண்டு மணிக்கு, எல்லோரும் சாப்பிட்டு ஓய்ந்த நேரத்தில், படுக்கை வார்டில் நில். மூக்கு சொல்லும்.

நொய்யல்:

நான் நர்ஸ் படிக்கவில்லைங்க. பத்தாவதோடு நின்றுவிட்டேன். ஆறு வருஷமாக அட்டெண்டர் வேலை. நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு தாத்தா, சென்னிமலைப் பக்கம் தறி நெய்தவர். சாயங்காலமானால் போர்வையின் ஓரத்தைப் பிடித்துப் பிரித்துக்கொண்டே இருப்பார். டயப்பரையும் பிரித்துவிடுவார். தொந்தரவு என்று கையைக் கட்டிலோடு துணியால் கட்டச் சொன்னார்கள். நானும் கட்டியிருக்கிறேனுங்க, அது இன்னும் மனசில் இருக்கிறது. அப்புறம் புதிதாக ஒரு சிஸ்டர் வந்தார். கட்டை அவிழ்த்துவிட்டு அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்தார். "இவர் பிரிக்கலைம்மா, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுறார்" என்றார். ஓரத்தில் குஞ்சம் விட்ட ஈரோட்டுத் துண்டு ஒன்றை மடியில் போட்டோம். தினமும் ராத்திரி எட்டு மணி வரை இழை இழையாக முடிச்சுப் போடுவார். காலையில் நான் அத்தனையும் அவிழ்த்து வைப்பேன், சாயங்காலம் மறுபடி வேலை வேண்டுமே அவருக்கு.

அந்த சிஸ்டர் போன பிறகு நானும் அங்கே இருக்கவில்லை. படித்தவர்கள் ஒருவர் கூட இருந்தால் எங்களுக்கும் வேலை தெரியுங்க. அதுக்காகவாவது வாங்க.

குடவாசல் பொண்ணு:

எல்லோருடைய பதிலையும் சித்திக்கும் படித்துக் காட்டினேன். மலம் கறுக்கிற விஷயத்தில் மட்டும், "அப்பாயிக்கும் அப்படித்தானடி இருந்துச்சு, மாத்திரையாலதான்னு நினைச்சோம்" என்றார். அதற்கப்புறம் வேலை பற்றி எதுவும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கோயம்புத்தூர் போய் இருந்து பார்த்துவிட்டு வந்தேன். ராத்திரி ஒரு நர்ஸ், மூன்று அட்டெண்டர். டாக்டர் வாரம் இரண்டு முறை, போனில் எப்போதும். ஆம்புலன்ஸ் பதினைந்து நிமிஷத்தில் வரும் என்றார்கள், போன மாதப் பதிவைக் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். ஒரிஜினல் கேட்கவில்லை. முதல் ஆறு வாரம் இன்சார்ஜ் சிஸ்டரோடுதான் ஷிப்ட் என்று ஆர்டரிலேயே எழுதித் தரச் சொல்லி வாங்கிவிட்டேன். பதவி ஸ்டாஃப் நர்ஸ் என்று இருக்கிறது.

மூக்கு ஒன்றும் சொல்லவில்லை அக்கா, வார்டு சுத்தம். ஆனால் கண் ஒன்றைப் பார்த்தது. படுக்கை வார்டில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் திருப்புகிற சார்ட் தொங்குகிறது. மத்தியானம் இரண்டு மணிக்குப் பார்த்தால் ஆறு மணி வரை டிக் போட்டாகிவிட்டது. ஒரே பேனா, ஒரே சாய்வு. இன்சார்ஜ் சிஸ்டரிடம் தனியாகக் கேட்டேன். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் சார்ட்டையே பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியும்மா. பதினொரு பேரைத் திருப்ப ஒவ்வொரு முறையும் இரண்டு ஆள் வேணும், பகலிலேயே கிடைக்கிறதில்லை" என்றார். பொய் சொல்லாமல் சொன்னாரே என்று எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. ஒன்றாம் தேதி சேருகிறேன். டெல்டா அண்ணா, ஆறு மாதத்தில் சரிவரவில்லை என்றால் ஐ.சி.யூ. வருகிறேன் என்று அப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

வார்டு அக்கா, ஒரே ஒரு சந்தேகம். இரண்டு ஆள் எப்போதும் கிடைக்காத இடத்தில் இந்தச் சார்ட்டை எப்படி உண்மையாக்குவது?

வார்டு அக்கா:

டிக் போடுகிற கட்டத்தை எடுத்துவிட்டு, எந்தப் பக்கம் திருப்பினோம் என்று எழுதச் சொல். இடது, வலது, மல்லாக்க. டிக்கை முன்கூட்டியே போட்டுவிடலாம். வலது என்று எழுதியிருக்கும்போது பாட்டி இடதுபுறம் படுத்திருந்தால் வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். பதினொரு பேரில் தானாகக் கொஞ்சமாவது அசைகிறவர் யார், அசையவே முடியாதவர் யார் என்று முதல் நாளே பிரித்துக்கொள். அசையவே முடியாதவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், அவர்களை ஒருபோதும் தவற விடாதே. மற்றவர்களுக்கு எத்தனை மணிக்கு ஒரு முறை என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கு. சாப்பாட்டு வண்டி வரும்போது எப்படியும் இரண்டு ஆள் வார்டில் இருப்பார்கள், டயப்பர் மாற்றும்போதும் இருப்பார்கள். திருப்புவதை அந்த நேரங்களோடு சேர்த்து வை. நர்ஸ் நீயும் ஒரு ஆள்தான் பாப்பா, ஒரு பக்கம் விரிப்பை நீ பிடி.